நிறுவனங்களோடு கைகோத்துப் பிளாஸ்டிக்கைக் குறைப்பது: எந்தக் கூட்டு பலன் தரும்?

ஒரு நிறுவனம் சூழல் அமைப்பு ஒன்றின் கதவைத் தட்டி, "பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க உங்களோடு சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்றிருக்கிறோம்" என்று சொன்னால், அமைப்புக்குள் சட்டென்று இரண்டு கட்சி உருவாகிவிடும். "குப்பையை உண்டாக்குகிறவர்களோடு நமக்கென்ன கூட்டு?" என்று ஒரு கட்சி. "அவர்கள் மாறாமல் குப்பை எப்படிக் குறையும்?" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த மாதிரியான கூட்டு என்ற கேள்வி இந்த வாக்குவாதத்தில் விடுபட்டுப்போகிறது. கடற்கரைத் துப்புரவுக்குப் பணம் வாங்குவதும் கூட்டுதான். நிறுவனத்தின் பேக்கேஜிங் பிரிவுக்குள் போய் உட்கார்ந்து உறையை மாற்றவைப்பதும் கூட்டுதான். பலனைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் இன்று நடைமுறையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் சூழல் அமைப்பை மனதில் வைத்தே எழுதுகிறேன். உண்மையாகவே குறைக்க நினைக்கும் நிறுவனத்துக்கும் இதே கணக்கு பொருந்தும்.

எதை வைத்து அளப்பது?

2024-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 2018 முதல் 2022 வரை 84 நாடுகளில் தன்னார்வலர்கள் பொறுக்கிய 18 லட்சத்துக்கும் அதிகமான குப்பைத் துண்டுகளை, யாருடைய பொருள் என்று பெயர் பார்த்து எண்ணியிருந்தார்கள். பாதிக்கு மேல் பெயரே தெரியாதவை. பெயர் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் 56 நிறுவனங்களுடையவை. கோகோ கோலாவின் பங்கு மட்டும் 11 சதவீதம். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு. ஒரு நிறுவனம் தயாரிக்கும் பிளாஸ்டிக் ஒரு சதவீதம் கூடினால், அதன் பெயர் தாங்கிய குப்பையும் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுகிறது. இந்த நிறுவனங்களில் பல, அதே ஆண்டுகளில் மறுசுழற்சித் திட்டங்களுக்கும் துப்புரவுகளுக்கும் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. அப்படியிருந்தும் உற்பத்தியும் குப்பையும் ஒன்றாகவே ஏறின.

ஆகவே முதல் அளவுகோல் இது: இந்தக் கூட்டினால் அந்த நிறுவனம் சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக் குறைகிறதா? எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துவிடுவோம். கெட்டியான பாட்டிலை விட்டுவிட்டுச் சிறிய சாஷே பாக்கெட்டுக்கு மாறினால் டன் கணக்கு குறையும். ஆனால் யாரும் பொறுக்க விரும்பாத, காற்றில் பறந்து வாய்க்காலில் சேரும் துண்டுகள் பல மடங்காகும். எடையையும் எண்ணிக்கையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல், கூட்டுக்குப் பிறகு அமைப்பின் வாய் திறந்திருக்குமா என்பது. நிறுவனத்திடம் பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. சூழல் அமைப்பிடம் இருப்பது மக்களின் நம்பிக்கை ஒன்றுதான். அது கரைந்துபோனால் அடுத்த நிறுவனத்தோடு பேச உட்காரும்போது கையில் எதுவும் இருக்காது.

துப்புரவுக்கு நிதி

பெரும்பாலும் முதலில் வரும் யோசனை இதுதான். நிறுவனம் பணமும் கையுறையும் சாக்கும் ஊழியர்களையும் தரும். அமைப்பு இடத்தையும் அனுபவத்தையும் தரும். ஒரு காலைப் பொழுதில் கரை சுத்தமாகிவிடும். இதை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. எடுத்த குப்பை எடுத்ததுதான். அந்த இடத்தில் ஆமைக்கும் பறவைக்கும் அன்றைக்கு ஆபத்து குறைகிறது. வந்தவர்களில் சிலர் வாழ்நாள் ஆர்வலர்களாக மாறுகிறார்கள்.

ஆனால் நிறுவனம் அடுத்த வாரம் சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக்கில் ஒரு கிராம்கூட இதனால் குறைவதில்லை. பணம் அமைப்பின் பார்வையை எப்படித் திருப்பும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1986-ல் டெக்சாஸ் கரையில் துப்புரவு தொடங்கி, பிறகு அதை உலகம் முழுவதும் கொண்டுபோன அமைப்பு ஓஷன் கன்சர்வன்சி. தன்னார்வலர்கள் பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்துவைக்கும் பழக்கத்தைப் பரப்பியதும் அவர்கள்தான். அந்த அமைப்பு 2015-ல் கடல் பிளாஸ்டிக் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நிதி கொடுத்தவர்களில் கோகோ கோலாவும், பிளாஸ்டிக்கின் மூலப்பொருளைத் தயாரிக்கும் டவ் கெமிக்கலும் இருந்தன. கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் பாதிக்கு மேல் ஐந்து ஆசிய நாடுகளிலிருந்து வருகிறது என்று அறிக்கை சுட்டியது. குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பதையும் தீர்வுகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. பிளாஸ்டிக் தயாரிப்பின் அளவு பற்றியும், பணக்கார நாடுகள் தங்கள் குப்பையை அதே ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வது பற்றியும் வேண்டிய அளவு பேசவில்லை. கடுமையான எதிர்ப்புக்குப் பிறகு, 2022 ஜூலையில் ஓஷன் கன்சர்வன்சி அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. அப்படிக் கேட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் இடையில் ஓடிய ஏழு ஆண்டுகளில் அந்த அறிக்கை எத்தனையோ கொள்கை விவாதங்களில் மேற்கோளாகிவிட்டது.

துப்புரவுக் கூட்டை ஏற்பதாக இருந்தால், ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். பொறுக்கிய குப்பையைப் பிராண்ட் வாரியாக எண்ணுவோம், முடிவை எங்கள் பெயரில், யாருடைய ஒப்புதலும் இல்லாமல் வெளியிடுவோம் என்பதே அந்த வரி. மேலே சொன்ன 2024 ஆய்வே 'பிரேக் ஃப்ரீ ஃப்ரம் பிளாஸ்டிக்' இயக்கத்தின் இப்படிப்பட்ட பிராண்ட் கணக்கெடுப்புகளிலிருந்து வந்ததுதான். நிதி கொடுக்கும் நிறுவனம் இந்த வரிக்குத் தயங்கினால், அது எதற்காகக் கரைக்கு வருகிறது என்பது அப்போதே புரிந்துவிடும்.

குப்பையிலிருந்து பொருள்

இந்த வழியில் உண்மையான சாதனைகளும் இருக்கின்றன, அளவுக்கு மீறிய விளம்பரங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சாதனைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் நெட்-வொர்க்ஸ். தரைவிரிப்புத் துண்டுகள் தயாரிக்கும் இன்டர்ஃபேஸ் நிறுவனமும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து 2012-ல் பிலிப்பைன்ஸின் டானஹோன் பவளத்திட்டுப் பகுதியில் இதைத் தொடங்கின. கிழிந்த நைலான் மீன்வலைகள் கரையிலும் கடலடியிலும் கிடந்தன. கடலில் விடப்பட்ட வலை சும்மா கிடப்பதில்லை, ஆளில்லாமலேயே மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். மீனவக் குடும்பங்கள் வலைகளைச் சேகரித்து, கழுவி, கட்டாகக் கட்டி விற்றன. அவை அக்வாஃபில் நிறுவனத்துக்குப் போய் நூலாகி, இன்டர்ஃபேஸின் தரைவிரிப்பில் சேர்ந்தன. கிராமங்களில் சிறுசேமிப்புக் குழுக்களையும் கூடவே அமைத்தார்கள்.

இது ஓடியதற்குக் காரணம் நல்ல மனது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மீன்வலையில் பயன்படும் நைலான்-6 என்ற ரகத்தை வேதிமுறையில் அதன் மூலப்பொருள் வரை உடைத்து மறுபடியும் புது நைலான் போலவே கட்டிவிடலாம். வலை ஒரே பொருளால் ஆனது, எடை உள்ளது, ஒரே இடத்தில் கிடைக்கிறது. வாங்கும் நிறுவனத்துக்கோ பெட்ரோலியத்திலிருந்து வராத நைலான் தன் சொந்த இலக்குக்காகவே தேவைப்பட்டது. சூழல் அமைப்புக்கு அந்தக் கிராமங்களில் பல ஆண்டு பழக்கம் இருந்தது. இந்த நான்கும் ஒருசேர அமைந்த இடத்தில் இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். நான்கில் இரண்டுதான் இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டும்.

அடிடாஸும் 'பார்லி ஃபார் தி ஓஷன்ஸ்' அமைப்பும் 2015-ல் தொடங்கிய காலணிக் கூட்டு இதைவிடப் புகழ்பெற்றது. கடற்கரைகளிலும் கரையோர ஊர்களிலும் சேகரித்த பிளாஸ்டிக் அதில் பயன்பட்டது. பெருமளவு பிளாஸ்டிக் கடலுக்குள் போவதற்கு முன்பே பிடிக்கப்பட்டது நல்லதுதான். ஆனால் பாட்டில் மறுபடி பாட்டிலாக முடியும், பல பொருட்களை ஒட்டித் தைத்த காலணி மறுபடி காலணியாவது மிகக் கடினம். காலணியாக்குவது அந்தப் பிளாஸ்டிக்கின் கடைசிப் பயணமாகிவிடுகிறது. அதோடு, அடிடாஸ் செயற்கை இழை பயன்படுத்தும் மொத்த அளவைக் குறைக்கும் பேச்சும் அந்தக் கூட்டின் மையத்தில் இல்லை.

பிளாஸ்டிக் கிரெடிட் என்ற வழியையும் இங்கேயே சொல்லிக் கடந்துவிடலாம். ஒரு டன் உறையை விற்றதற்கு ஈடாக, வேறெங்கோ ஒரு டன் குப்பையைச் சேகரிக்கப் பணம் கொடுப்பது. சேகரிக்கப்பட்டது அந்தப் பணம் இல்லாவிட்டாலும் சேகரிக்கப்பட்டிருக்குமா என்பதை நிரூபிப்பது கடினம். பல திட்டங்களில் சேர்த்த மெல்லிய உறைகள் சிமென்ட் சூளைகளில் எரிக்கப்படுகின்றன. உறையை மாற்ற வேண்டிய அவசரமே நிறுவனத்துக்கு இல்லாமல்போகிறது. சூழல் அமைப்பு தன் பெயரை இதில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உள்ளே போய் உட்கார்வது

நான் அதிக நேரம் செலவிட விரும்புவது இந்த வழியில்தான். பணம் இல்லை, மேடை இல்லை. ஒரு நிறுவனம் தன் கொள்முதல் கணக்கையும் பேக்கேஜிங் வரைபடங்களையும் திறந்து வைக்கிறது. சூழல் அமைப்பின் பொறியாளரும் விஞ்ஞானியும் அதைப் பார்த்து எதை நீக்கலாம், எதை மாற்றலாம் என்று சொல்கிறார்கள்.

1990-ல் அமெரிக்காவில் நடந்தது இன்றும் பாடமாக இருக்கிறது. மெக்டொனால்ட்ஸ் தன் பர்கரை நுரைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிராகப் பிரசாரம் சூடு பிடித்து, மக்கள் பயன்படுத்திய பெட்டிகளை நிறுவனத்துக்கே தபாலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற சூழல் அமைப்பும் மெக்டொனால்ட்ஸும் ஒரு கூட்டுக் குழு அமைத்தன. அமைப்பு வைத்த நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. நிறுவனத்திடம் ஒரு காசும் வாங்க மாட்டோம். ஒத்துப்போகாவிட்டால் எங்கள் கருத்தைத் தனியாக வெளியிடுவோம். எங்கள் பெயரை எங்கள் அனுமதியில்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது. இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: குழுவில் இருந்த சூழல் அமைப்பினர் ஒரு நாள் முழுக்க உணவகத்தில் ஊழியர்களோடு வேலை பார்த்தார்கள்.

உள்ளே போனதால்தான் தெரிந்தது, உணவகத்தின் குப்பையில் பெரும்பகுதி வாடிக்கையாளர் கையில் சேர்வதே இல்லை. அது கவுன்டருக்குப் பின்னால், சரக்கு வந்து இறங்கும் அட்டைப் பெட்டிகளிலும் சமையலறையிலும் உருவாகிறது. வெளியே கோஷம் போட்டவர்கள் கண்ணில் பட்டது நுரைப் பெட்டி மட்டும்தான். அந்த நுரைப் பெட்டியையும் சேகரித்து மறுசுழற்சி செய்துவிடலாம் என்பதே அதுவரை நிறுவனத்தின் நினைப்பு. நவம்பரில் அதைக் கைவிட்டு, இடத்தை அடைக்காத காகித உறைக்கு மாறுவதாக அறிவித்தது. 1991 ஏப்ரலில் 42 நடவடிக்கைகளோடு குழுவின் அறிக்கை வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் 30 கோடி பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 1,36,000 டன், பேக்கேஜிங் தவிர்க்கப்பட்டதாக அந்த அமைப்பின் கணக்கு. நிறுவனத்துக்குச் செலவும் மிச்சமானது.

குறையும் உண்டு. மேசையில் வைக்கப்பட்டதுதான் மாறியது. நுரையால் செய்த கோப்பைகள் சில நாடுகளில் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 'ஆஸ் யூ ஸோ' என்ற அமைப்பு பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்து நெருக்கிய பிறகுதான், 2018 இறுதிக்குள் உலகம் முழுவதும் அவற்றை நிறுத்துவதாக நிறுவனம் சொன்னது. உள்ளே இருப்பவர்கள் தொடாத இடத்தை வெளியே இருப்பவர்கள் தொட வேண்டியிருந்தது.

உள்ளே போய்ப் பார்ப்பதில் என்ன கிடைக்கும் என்பதை ஒரு பாட்டிலை வைத்தே சொல்லலாம். நிறமில்லாத பாட்டிலின் உடம்பு பெட் (PET) என்ற ரகப் பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக். அரைத்துக் கழுவும்போது பெட் தண்ணீரில் மூழ்கும், மூடியின் துகள் மிதக்கும். தானாகவே பிரிந்துவிடும். அதே பாட்டிலுக்குக் கழுத்திலிருந்து அடிவரை இறுக்கிப் பிடிக்கும் சுருங்கு லேபிள் போட்டால் கதை மாறுகிறது. பிரிக்கும் இயந்திரம் அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் பிளாஸ்டிக்கின் ரகத்தைக் கண்டுபிடிக்கிறது. லேபிள் பாட்டிலை மூடியிருந்தால் இயந்திரம் லேபிளைத்தான் பார்க்கும். அந்த லேபிள் பிவிசியாக இருந்தால் பெட்டோடு சேர்ந்து மூழ்கும். உருக்கும்போது கொஞ்சம் பிவிசி கலந்தாலே தொகுதி முழுவதும் மஞ்சளாகி வீணாகும். கறுப்புத் தட்டுகளும் அப்படித்தான். அதில் சேர்க்கும் கரிக்கறுப்புச் சாயம் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் இயந்திரத்தின் கண்ணுக்கு அந்தத் தட்டு தெரிவதே இல்லை. நேராகக் குப்பைமேட்டுக்குப் போகிறது. மறுசுழற்சி ஆகுமா ஆகாதா என்பதை வாடிக்கையாளரின் பொறுப்புணர்ச்சி தீர்மானிப்பதாக நமக்குச் சொல்லப்படுகிறது. உண்மையில் லேபிளையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்த ஒரு கூட்டத்தில், மார்க்கெட்டிங் பிரிவின் மேசையிலேயே அது முடிவாகிவிடுகிறது. அந்த மேசையில் சூழல் அமைப்புக்கு ஒரு நாற்காலி கிடைத்தால், நூறு துப்புரவுகள் செய்ய முடியாததை ஒரு மாதத்தில் செய்யலாம்.

பல அடுக்கு ஒட்டிய சாஷேக்கு இந்த வித்தை எதுவும் எடுபடாது. பாலியெஸ்டர், அலுமினியம், பாலிஎத்திலீன் என்று மெல்லிய தாள்களை ஒட்டியதைக் கட்டுப்படியாகும் செலவில் பிரிக்க முடிவதில்லை. நிரப்பிக்கொள்ளும் முறைக்கோ வேறு உறைக்கோ மாறுவதுதான் வழி. இதை ஒத்துக்கொள்ளாத நிறுவனம் உள்ளே கூப்பிட்டாலும், பேச்சு எங்கே போய் முட்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இந்த வழிக்கு அமைப்பிடம் துறை அறிவு வேண்டும். ஆர்வம் மட்டும் வைத்துக்கொண்டு பேக்கேஜிங் பொறியாளரோடு உட்கார்ந்தால், அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

பலர் சேரும் உடன்படிக்கை

2018 அக்டோபரில், பொருட்களைக் குப்பையாக்காமல் சுழற்சியிலேயே வைத்திருக்க உழைக்கும் எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளையும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து, பிளாஸ்டிக் பற்றிய உலகளாவிய உறுதிமொழி ஒன்றைத் தொடங்கின. 250-க்கும் மேற்பட்ட அமைப்புகள் ஆரம்பத்திலேயே கையெழுத்திட்டன. உலகின் பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுடையது. அதே ஆண்டு பிரிட்டனில் பிளாஸ்டிக் உடன்படிக்கை தொடங்கி, பல நாடுகள் அந்த மாதிரியைப் பின்பற்றின.

இதன் பெரிய லாபம் வெளிப்படையான கணக்கு. 2017-ல் 30 லட்சம் டன் பிளாஸ்டிக் பேக்கேஜிங் பயன்படுத்தியதாகக் கோகோ கோலா முதன்முறையாக வெளியே சொன்னது அந்த உலகளாவிய உறுதிமொழியின் வழியாகத்தான், 2019-ல். எண் இல்லாமல் எந்த விவாதமும் நகராது என்பதால் இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கையெழுத்திட்ட பிராண்டுகளின் பேக்கேஜிங்கில் மறுசுழற்சிப் பொருளின் பங்கும் சுமார் 5 சதவீதத்திலிருந்து 2023-ல் 14 சதவீதமானது.

பலவீனமும் அதே அளவு தெளிவு: இலக்கைத் தவறவிட்டால் ஒன்றும் ஆகாது. புதிய பிளாஸ்டிக்கை 2025-க்குள் பாதியாக்குவதாகச் சொல்லியிருந்த யூனிலீவர், 2024-ல் அதை 2026-க்குள் 30 சதவீதம் என்று மாற்றியது. 2030-க்குள் கால்வாசிப் பானத்தைத் திரும்பப் பயன்படும் பாட்டில்களில் விற்பதாக 2022-ல் சொன்ன கோகோ கோலா, 2024 டிசம்பரில் புதுப்பித்த இலக்குகளில் அதைக் காணோம். அமெரிக்க உடன்படிக்கையிலிருந்து வால்மார்ட், நெஸ்லே உட்பட சில பெரிய பெயர்கள் 2025-ல் வெளியேறின. பியூ அறக்கட்டளை 2020-ல் வெளியிட்ட கணிப்பு ஏற்கெனவே எச்சரித்திருந்தது: அரசுகளும் நிறுவனங்களும் அதுவரை கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் நிறைவேறினாலும், 2040-ல் கடலுக்குள் போகும் பிளாஸ்டிக் 7 சதவீதம்தான் குறையும்.

தொழில்துறை தனக்குத் தானே அமைத்துக்கொள்ளும் கூட்டணிகள் இதைவிடப் பலவீனமானவை. 2019-ல் எக்ஸான்மொபில், டவ், ஷெல் போன்றவை சேர்ந்து தொடங்கிய 'அலையன்ஸ் டு எண்ட் பிளாஸ்டிக் வேஸ்ட்' ஐந்து ஆண்டுகளில் 150 கோடி டாலர் செலவிடுவதாகவும் 1.5 கோடி டன் குப்பையைத் தடுப்பதாகவும் பேசியது. அந்த டன் இலக்கைப் பின்னர் கைவிட்டது. பிளாஸ்டிக்கின் மூலப்பொருளைத் தயாரிப்பவர்களே குப்பையைக் கையாள்வது பற்றி மட்டும் பேசும் மேடையில் சூழல் அமைப்பு ஏறினால், ஏறியவரின் நற்பெயர்தான் மேடைக்கு மிச்சம்.

வெளியே நின்று நெருக்குவது, சேர்ந்து சட்டம் கேட்பது

கூட்டு வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான், சில நேரம் கூட்டுக்கு மிக வேகமான பாதையும் அதுதான். சூழல் சட்ட அமைப்பான கிளையன்ட்எர்த் உட்பட மூன்று அமைப்புகள், பிரெஞ்சு உணவு நிறுவனமான டனோன் மீது 2023 ஜனவரியில் பிரான்சில் வழக்குத் தொடுத்தன. நிறுவனங்கள் தங்கள் தொழிலால் வரும் தீங்கைக் கண்காணிக்க வேண்டும் என்ற 2017 சட்டம்தான் அவர்களுக்குப் பிடிமானம். 2025 பிப்ரவரியில் சமரசம் ஆகி, பிளாஸ்டிக் பயன்பாட்டு விவரங்களை வெளியிடவும் கண்காணிப்புத் திட்டத்தைப் பலப்படுத்தவும் டனோன் ஒப்புக்கொண்டது. வருடக்கணக்கில் விருந்துக்குப் போய்ப் பேசியிருந்தாலும் கிடைத்திருக்காத வாக்குறுதி அது.

முகம் கழுவும் பசைகளில் இருந்த நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் விஷயத்தில் வெளியிலிருந்து நெருக்கடி, நிறுவனத்தின் வாக்குறுதி, சட்டம் என்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தன. 2012-ல் நெதர்லாந்தின் சூழல் அமைப்புகள் எந்தப் பொருளில் மணி இருக்கிறது என்று பட்டியல் போட்டு மக்கள் கையில் கொடுத்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் யூனிலீவர் 2015-க்குள் அவற்றை நீக்குவதாகச் சொன்னது. பெரிய நிறுவனம் ஒன்று முடியும் என்று காட்டிவிட்ட பிறகு சட்டம் கொண்டுவருவது எளிதானது. 2015 டிசம்பரில் அமெரிக்கா தடைச் சட்டம் இயற்றியது. சிறிய, குறிப்பான, மாற்று தயாராக இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டதுதான் வெற்றிக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

முன்வந்த நிறுவனங்களுக்கும் சட்டம் தேவைப்படுகிறது. செலவு செய்து உறையை மாற்றியவர், மாற்றாத போட்டியாளரிடம் சந்தையை இழக்கக் கூடாது அல்லவா? எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளையும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பும் 2022-ல் கூட்டிய வணிகக் கூட்டணி, எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தும் பிளாஸ்டிக் உடன்படிக்கை வேண்டும் என்று நிறுவனங்களின் வாயாலேயே கேட்கவைத்தது. அந்த உடன்படிக்கைக்காக நாடுகள் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடத்திய பேச்சுவார்த்தை உடன்பாடு இல்லாமல் முடிந்தபோதும் அந்தக் கோரிக்கை உயிரோடு இருக்கிறது. சட்டம் எப்படி நகர்த்தும் என்பதற்கு நார்வே போதும். அங்கே பானப் பாட்டில் மீதான சுற்றுச்சூழல் வரி, திரும்பி வரும் பாட்டில்களின் விகிதம் ஏற ஏறக் குறையும். 95 சதவீதத்தைத் தொட்டால் வரியே இல்லை. பாட்டிலைத் திரும்பப் பெறும் முறையைத் தயாரிப்பாளர்களும் கடைக்காரர்களும் தாங்களே முன்னின்று நடத்துகிறார்கள்.

அப்படியானால் எதை எடுப்பது?

நிறுவனம் பேக்கேஜிங் கணக்கைத் திறக்கத் தயாராக இருந்து, அமைப்பில் அதைப் படிக்கத் தெரிந்தவர் இருந்தால், உள்ளே போய் உட்காருங்கள். என் வரிசையில் இதுவே முதலிடம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடிக்க வேண்டாம். ஒரே ஒரு உறை வகையை எடுத்து, அடிப்படை ஆண்டு ஒன்றைக் குறித்து, எடை, எண்ணிக்கை இரண்டையும் எழுதிவைத்துத் தொடங்குங்கள். பிளாஸ்டிக்குக்குப் பதில் வரும் பொருளின் கணக்கையும் கேளுங்கள். கனமான கண்ணாடிக்கோ மெழுகு பூசிய காகிதத்துக்கோ மாறி வேறொரு சுமையை ஏற்றிவிடக் கூடாது.

கணக்கைத் திறக்க மாட்டோம், துப்புரவுக்கு மட்டும் பணம் தருகிறோம் என்றால், பிராண்ட் எண்ணும் நிபந்தனையோடு மட்டும் சரி சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் பணம் இல்லாமலேயே எண்ணுங்கள். அந்தப் பட்டியல்தான் அடுத்த பேச்சுவார்த்தைக்கு உங்கள் முதலீடு.

பொது உடன்படிக்கையில் சேருவது ஆண்டுதோறும் எண்களைக் கேட்டு வாங்கப் பயன்படும். அதையே போதுமென்று எண்ணிவிட வேண்டாம். ஒரே பொருளால் ஆன, விலை போகும் கழிவு உங்கள் பகுதியில் குவிகிறது என்றால் மட்டும் பொருளாக்கும் திட்டத்துக்குப் போகலாம்.

நிறுவனத்தின் பக்கம் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தலையாட்டும் அமைப்பைத் தேடிப் பிடித்தால் வருகிற நற்பெயர், முதல் எதிர்ப்பு அறிக்கையிலேயே போய்விடும். மறுத்துப் பேசும் உரிமையோடு வருகிற அமைப்பு உங்கள் உறையைப் பாராட்டினால்தான் அந்தப் பாராட்டை மக்கள் நம்புவார்கள்.

கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்கள் தாளில் இருக்கட்டும்: யார் பணமும் யாருக்கும் போகாது, அல்லது போனால் எவ்வளவு என்பது வெளியே தெரியும். அமைப்பின் சின்னம் எந்தப் பொருளின் மேலும் அச்சாகாது. கணக்கை மூன்றாமவர் ஒருவர் சரிபார்ப்பார். சட்டம் வரும்போது, நிறுவனமோ அது உறுப்பினராக இருக்கும் வணிகச் சங்கமோ அதை எதிர்த்து மறைமுகமாக வேலை செய்தால் கூட்டு அன்றே முடியும். இந்தக் கடைசி விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேசையில் ஒன்று பேசிவிட்டுச் சங்கத்தின் வழியாக வேறொன்றைச் செய்வது இந்தத் துறையில் நீண்டகால வழக்கம், அதனால் சங்க உறுப்பினர் பட்டியலை முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு தேதி: பதினெட்டு மாதத்தில் அந்த ஒரு உறையின் எடையும் எண்ணிக்கையும் குறையவில்லை என்றால், அமைப்பு விலகும், விலகியதற்கான காரணத்தை எண்களோடு வெளியிடும்.